உட்கார்ந்தீங்களா சார்?

ஆறு மில்லிமீட்டருக்கும் கம்மி என்றான் கடைக்காரப் பையன்,
அப்பளத்தைத் தூக்குவதுபோல்
இரண்டே விரலில் பிடித்துக் காட்டினான்.
வாங்கினேன், பதினெட்டுத் தவணை.
வாரம் முழுக்க ஊர்ஊராய்த் தவணை வசூலிக்கிறவன் நான்,
எனக்கென்ன கூச்சம்.

முன்பாக்கெட்டில் போட்டால் கால்வாசி வெளியே நின்றது,
பஸ் ஜன்னலில் தலை நீட்டும் பையனாக.
பைக்கில் ஏறினால் அடிவயிற்றில் குத்தியது.
சட்டைப்பையில் போட்டேன்,
கோட்டையூரில் ஒரு கிழவருக்கு வண்டியை ஒதுக்கிக் குனிந்தபோது
சாக்கடை ஓரம் வரை வழுக்கிப் போய் நின்றது.

சிக்கந்தரிடம் கேட்டேன், பாக்கெட்டை ஆழமாக்க முடியுமா என்று.
அவர் டேப்பைப் போன் மேல் வைத்தார், பிறகு என் தொடை மேல்.
"தைக்கலாம். முட்டி வரைக்கும் இறங்கும்.
அப்புறம் நீங்க மடங்குறப்பல்லாம் அதுவும் மடங்கணும்.
நிக்கிறவனுக்குன்னு செஞ்ச போன் சார் இது."

அன்றைக்குத்தான் எண்ணினேன்.
பைக், டீக்கடை பெஞ்ச்,
புதுவயல் மில்லில் நெல் மூட்டை,
ஆபீஸின் கால் உடைந்த ஸ்டூல்,
மறுபடி பைக்,
பள்ளத்தூரில் பந்திப்பாய், தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்து,
குழுக் கூட்டத்தில் வெறுந்தரை.
நாற்பத்து மூன்றோடு விட்டுவிட்டேன்.
நிற்கிற வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பழைய போன் அரைச் செங்கல்.
நாலு வருஷம் அதன் மேல் உட்கார்ந்தேன்,
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வளைந்ததை நான் பார்க்கவில்லை. தரைதான் சொன்னது.
பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்கட்டில்
சகாயராணி வாடகைக்கு இருக்கிறாள்.
ரசமட்டம் வைத்துப் பதித்த பூக்கல் தரை,
எண்ணெய் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்கும்.
அதில் வைத்தேன்.
பெயரைத் தொட்டால் டக்,
தொகையைத் தொட்டால் டக்.
பத்துப் பெண்கள், ஒரே சிரிப்பு.
"சார் போனு தொட்டிலாட்டுது, பிள்ளை எங்க?"

நூறடி ரோட்டு சர்வீஸ் சென்டரில் ஏசி.
கையுறை போட்ட பெண், மார்பில் வினோதா என்று அட்டை.
விளக்குக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.
பிறகு, குடிப்பீங்களா என்று டாக்டர் கேட்கிற அதே குரலில்,
"உட்கார்ந்தீங்களா சார்?"

உட்கார்ந்தேன் என்றேன்.
வேறென்ன சொல்ல.

உட்கார்ந்ததற்கு வாரண்டி இல்லையாம்.
தாளில் ஒரு கட்டம், அதில் டிக் அடித்தாள்:
பயனர் தவறு.

வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன்.
(நின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது.)
போன மாதம் ராக்கு சித்தாள் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து
கணுக்கால் விட்டுப் போனது. மூன்று வாரம் பாக்கி.
செயலியில் காரணம் கேட்டது. இருந்ததே நாலு காரணம்,
விழுந்தது அதில் இல்லை.
அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.
உறுப்பினர் தவறு என்பதை அமுக்கினேன்.
அப்போது போன் நேராகத்தான் இருந்தது.

இந்தச் செவ்வாயும் அதே தரை.
மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு
ராக்கு சுவரோரம் இருந்தாள்.
டக்,
டக்.
யாரும் இப்போது சிரிக்கவில்லை, பழகிவிட்டது.
அவள்தான் எட்டி, இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து
நாலாய், எட்டாய் மடித்து
போனின் ஒரு முனைக்கு அண்டைக் கொடுத்தாள்,
ஆடும் மேசைக்குக் கொடுப்பதுபோல.
"இப்ப எழுதுங்க."

ஆடவில்லை. எழுதினேன். பத்துப் பேருக்கும் எழுதினேன்.
அவள் பெயருக்கு எதிரே இந்த வாரமும் பாதிதான்.

வெளியே வந்து வண்டியை மிதிக்கும்போதுதான்
அந்தத் தாள் போனோடு என்னிடமே வந்துவிட்டது தெரிந்தது.
பிரித்தேன். அவளுடைய ரசீது,
விழுவதற்கு முந்தின வாரத்தது, முழுத்தொகை,
கீழே என் கையெழுத்து.

திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த செவ்வாய்.
இரண்டையும் சேர்த்துப் பின்பாக்கெட்டில் வைத்தேன்,
ஏறி உட்கார்ந்தேன்.